ஓட்டாத வாரங்கள்

லோரி லைசென்ஸ் எடுக்கப் போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் பதினோரு வருடம் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். டெஸ்டுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற மலாய்க்காரர் திரும்பிப் பார்த்து, மகனுக்குத் துணையாக வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, நான்தான் ஓட்டப் போகிறேன் என்றேன். அவர் மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார். அது எனக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

இந்த வயதில் லோரி ஏற வேண்டி வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் கண். அவருக்கு நெடுநாள் சர்க்கரை. முதலில் இடது கண்ணில் நிழல் விழுந்தது, ஆறு மாதத்தில் வலது கண்ணும் மங்கியது. லைசென்ஸ் புதுப்பிக்க எடுத்த மருத்துவப் பரிசோதனையில் இனி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து லோரிச் சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த லோரி முழுதாக எங்களுடையது அல்ல. பாதிதான் எங்களுடையது. மறுபாதி அவருடைய பழைய கூட்டாளிக்குச் சொந்தம். கூட்டாளி பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவற விடாதவர். இருவரும் ஒரே டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருடம் ஓட்டியவர்கள். கம்பெனியை மூடியபோது தனித்தனியாக லோரி வாங்க இருவராலும் முடியவில்லை. சேர்ந்து ஒரு பழைய மூன்று டன் லோரி வாங்கினார்கள். ஒரு வாரம் இவர், மறுவாரம் அவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் லோரி கைமாறும். கொண்டு வந்து விட்டவர் டீ குடித்துவிட்டு கொமுட்டர் ரயிலில் வீடு திரும்புவார். கூட்டாளியை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அதனால் என் வீட்டுக்காரருக்கு அவர் மச்சான்.

எங்கள் பாதியை விற்றுவிடுவதா என்ற பேச்சு வந்தபோது, நான் ஓட்டுகிறேன் என்று நான்தான் சொன்னேன்.  அண்ணனுக்குத் தகவல் போனது. இரண்டு நாள் அவரிடமிருந்து பதில் இல்லை. மூன்றாம் நாள் நேரில் வந்தார். நல்ல உயரமான மனிதர். எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் கொஞ்சம் குனிந்துதான் நுழைவார். அன்று உட்காரக்கூட இல்லை.

"சரக்கு மேல கன்வாஸ் இழுத்துக் கட்டத் தெரியுமாம்மா உனக்கு?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே. கத்துக்குவேன்."

"மழை வர்றப்ப ஏறிக் கட்டணும். யாரும் வந்து பிடிக்க மாட்டாங்க."

"தெரியும்ணே."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேருவில் ஒரு பிளாஸ்டிக் சாமான் தொழிற்சாலை. அங்கே ஏற்றி சுங்கை பூலோவில் இருக்கும் கிடங்கில் இறக்குவதுதான் எங்களுக்கு நிலையான ஓட்டம். இடையில் போர்ட் கிள்ளான், ஷா ஆலம் என்று வேறு சரக்கும் கிடைக்கும். முதல் மாதம் தோளும் இடுப்பும் விட்டுப்போயின. கயிறு இழுத்து உள்ளங்கை தோலுரிந்தது. ஆனால் ஓட்டுவதில் எனக்குப் பயம் வரவில்லை. வேனில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலை நெரிசலில் ஓட்டியவளுக்கு, வாய் திறக்காத பிளாஸ்டிக் வாளிகள் பெரிய பாரமில்லை. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. முன்னால் நாற்பது ஐம்பது வண்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்றுகூடத் தெரியும். அந்த உயரம் இவ்வளவு சீக்கிரம் பழகிப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

கஷ்டம் அண்ணனின் வாரத்தில்தான் தொடங்கியது. வேன் ஓட்டத்தைப் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூட வேனை வாரம் விட்டு வாரம் ஓட்ட முடியாதல்லவா? லோரி அண்ணனிடம் போய்விட்டால் எனக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை வீடு முழுக்கக் கழுவுவேன். செவ்வாய்க்கிழமை கழுவிய வீட்டையே மறுபடி கழுவுவேன். புதன்கிழமைக்குள் அலமாரியில் இருக்கும் பாத்திரம் எல்லாம் இடம் மாறிவிடும். என் வீட்டுக்காரருக்கு அது பெரிய தொல்லை. கண் சரியாகத் தெரியாத மனிதருக்கு டம்ளர் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். எங்கே வைத்தாய் என்று கேட்பார், எனக்கே ஞாபகம் இருக்காது.

அவரும் சும்மா இருப்பவர் இல்லை. பத்து மணிக்கு, மச்சான் இப்போது மேருவில் ஏற்றிக்கொண்டிருப்பான் என்பார். பதினொன்றரைக்கு, சுங்கை பூலோ டோல் தாண்டியிருப்பான் என்பார். என் மனமும் அங்கேதான் போகும். பிரேக் எண்ணெய் பார்த்தாரா, பின்பக்க டயரில் காற்று குறைந்ததே, அதை அடித்தாரா. பிறகு ஏதாவது சாக்கு வைத்து அண்ணனுக்குப் போன் போடுவேன். முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு நாள் சொன்னார்:

"தங்கச்சி, லோரி நல்லாத்தான் இருக்கு லா. நீ சாப்டியா?"

அதற்குப் பிறகு நான் போன் செய்வதை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால், கையில் போனை எடுத்து எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஒரு வாரம், அது அண்ணனின் வாரம், புதன்கிழமை காலை மேரு தொழிற்சாலையிலிருந்து எனக்குப் போன் வந்தது. அங்கே சரக்கு அனுப்பும் பகுதியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த பெண் பேசினாள். இரண்டு நாளாக லோரி வரவில்லை, அங்கிள் போனை எடுக்கவில்லை, நாளைக்கும் வரவில்லை என்றால் வேறு லோரி பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அண்ணனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணிக்கு அடித்தேன். அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். அண்ணன் வழக்கம்போல ஆறு மணிக்கே சாப்பாடு கட்டிக்கொண்டு லோரிக்குப் போய்விட்டார் என்றார். நேற்றும் போனார், முந்தாநாளும் போனார் என்றார். என் குரலில் என்ன தெரிந்ததோ, ஏன் கேட்கிறாய் என்று உடனே கேட்டார். சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வா, போய்ப் பார்ப்போம் என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் போக, கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயில் ஏறினோம். எனக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் நெடுநேரம் நிற்பது போல இருந்தது. உட்கார முடியாமல் கதவருகில் போய் நின்றேன். என் மனத்தில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். அண்ணன் லோரியை வேறு யாருக்கோ ஓட்டுகிறார், நமக்குத் தெரியாமல் வேறு வேலை பிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

ரயில் தண்டவாளத்துக்கு அருகே, ரயில்வேக்காரர்களின் பழைய கோட்டர்ஸ் வீடுகள் இருந்த பக்கம், அண்ணன் லோரி நிறுத்தும் காலி இடம் ஒன்று உண்டு. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இவர் நடந்து வந்தார். தூரத்திலேயே எங்கள் லோரி தெரிந்தது. அங்சானா மரத்துக்குக் கீழே, மேலெல்லாம் மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்க நின்றது. அந்தப் பூவைப் பார்த்ததுமே அது இரண்டு நாளாக அசையவில்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு பக்கக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. இரண்டு கையும் முழங்கால்மேல். பக்கத்து சீட்டில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம்.

எங்களைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தவர் போல இருந்தார்.

நான் ஒன்றும் கேட்பதற்கு முன் அவரே சொன்னார். திங்கட்கிழமை மேருவில், தொழிற்சாலைக்குத் திரும்பும் முனையில், ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் லோரிக்கு முன்னால் உருண்டு வந்தாள். பிரேக்கை மிதித்தார். லோரி நின்றது. இறங்கிப் பார்த்தால், டயருக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம்தான் இருந்தது. அவள் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டாள். அண்ணனிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாளாம். புருஷன் வண்டியை நிமிர்த்தினான், ஏறிப் போய்விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் அன்று மிச்ச ஓட்டத்தையும் முடித்து, லோரியைக் கொண்டு வந்து மரத்தடியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், தூங்கினார்.

"மறுநாள் ஏறி உக்காந்தேன். சாவி போட்டேன். கால் எறங்க மாட்டேங்குதும்மா," என்றார். "கிளச்சுல வைக்கிறேன், அமுக்க முடியல. நேத்து பூரா உக்காந்து பாத்தேன். இன்னைக்கும் பாக்கிறேன்."

முப்பது வருடம் ஓட்டிய மனிதர்.  என் வீட்டுக்காரர் லோரியின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே டிரைவர் கதவு வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"மச்சான், எறங்கு. டீ குடிக்கலாம்."

அண்ணன் இறங்கினார். எதிரே இருந்த கடையில் மூன்று பேரும் டீ குடித்தோம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மேருவில் இரண்டு நாள் சரக்கு காத்துக் கிடக்கிறது. பாதி டீயில் எழுந்து, அண்ணே, சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். அவர் சாவியைக் கொடுத்தபோது என்னைப் பார்க்கவில்லை.

மூன்று பேரும் முன்னால் ஏறினோம். நடுவில் என் வீட்டுக்காரர், கியர் அவர் முழங்காலில் இடிக்கும். ஜன்னல் ஓரம் அண்ணன். பெடரல் ஹைவேயில் முன்னால் போகிற கார் பிரேக் போடும்போதெல்லாம் அண்ணனின் வலது கால் தரையை அழுத்தியது. ஏற்றம் வந்தால் என் வீட்டுக்காரர் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, மூணாவது போடு, மூணாவது போடு என்றார். மூணாவதில்தான் போகிறது, கொஞ்சம் சும்மா இருங்கள் என்று சத்தம் போட்டேன். அன்று மூன்று நடை அடித்தோம்.

அப்படி ஆரம்பித்தது ஒன்பது வாரம் நீண்டது. அண்ணனின் வாரத்திலும் நான்தான் ஓட்டினேன், என் வாரத்திலும் நான்தான். அவர் தினமும் காலையில் ரயில் பிடித்து கிள்ளானுக்கு வந்து ஏறிக்கொள்வார். சரக்கு ஏற்றுவது, கயிறு கட்டுவது, கன்வாஸ் போடுவது எல்லாம் அவர் வேலை. வந்ததைச் சரிபாதி பிரித்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் முதல் நாளோடு சரி, பிறகு வரவில்லை. சாயங்காலம் நான் வந்ததும், இன்றைக்காவது மச்சான் ஓட்டினானா என்று கேட்பார். இல்லை என்பேன்.

அந்த ஒன்பது வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் சும்மா இருக்க வேண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. காலையில் எழுந்தால் போக இடம் இருந்தது. பாத்திரங்கள் அவை அவை இருந்த இடத்திலேயே இருந்தன. அண்ணன் சில நாள், இன்றைக்கு நான் கொஞ்ச தூரம் பார்க்கட்டுமா என்று இழுப்பார். வேண்டாம்ணே, மெதுவா வாங்க, என்ன அவசரம் என்று சொல்லிவிடுவேன். அவர் நன்மைக்குச் சொல்கிறேன் என்று நானே நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை சுங்கை பூலோவில் இறக்கிவிட்டு, அப்படியே அண்ணனை பிரிக்பீல்ட்ஸில் விடப் போனேன். அண்ணி கடை வாசலில் நின்றிருந்தார். அண்ணன் கை கழுவ உள்ளே போனார். அண்ணி என் பக்கம் வந்து லோரிக் கதவில் கை வைத்தார்.

"அவர நீ நல்லா பாத்துக்கிற," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப நல்லா பாத்துக்கிற."

அவர் சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. நான் ஏதோ முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கிள்ளான் வருகிற வரைக்கும் அந்த 'ரொம்ப' காதிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் அண்ணிமேல் கோபமாக இருந்தேன். திங்கட்கிழமை காலை அண்ணன் ரயிலில் இருந்து இறங்கி, எட்டு வயதுப் பிள்ளை மாதிரி இடது பக்கக் கதவைத் திறந்து ஏறியதைப் பார்த்தபோதுதான், அண்ணி சொன்னது என்ன என்று புரிந்தது.

அன்று சுங்கை பூலோ கிடங்கில் சரக்கை இறக்கியதும், சரக்கு ஒப்படைத்ததற்கான டிஓ தாளில் முத்திரை வாங்க ஆபீசுக்குப் போக வேண்டும். வழக்கமாக இஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். அன்று நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்த லோரியில் அண்ணனை விட்டுவிட்டு இறங்கிப் போனேன். முத்திரை வாங்க ஐந்து நிமிடம் போதும். வாங்கிய பிறகு நான் திரும்பவில்லை. பின்பக்கம் இருந்த கேன்டீனில் போய் உட்கார்ந்து டீ சொன்னேன். அங்கிருந்து வேலியின் வழியாக லோரியின் முன்பாகம் தெரியும்.

இரண்டு தடவை எழுந்துவிட்டேன். ஓடிப் போய் ஏறிவிடலாம் என்று இருந்தது.  எங்கள் லோரிக்குப் பின்னால் ஒரு பெரிய லோரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. வாசல் காவலுக்கு இருந்த ஜாகா, நேப்பாளத்துக்காரர், தடியைத் தட்டிக்கொண்டு வந்து எங்கள் லோரியைப் பார்த்து மலாயில் கத்தினார். அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் சீட்டில் இந்தப் பக்கம் நகர்வது தெரிந்தது. சீட் என் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்ததால் அவருடைய முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. அப்படியே, குறுகி உட்கார்ந்துகொண்டு, லோரியை எடுத்தார். ஒரு குலுக்கல், இஞ்சின் நின்றது. ஜாகா மறுபடி கத்தினார். மறுபடி எடுத்தார். நாற்பது அடி இருக்கும். சுவர் ஓரமாகக் கொண்டு போய் நேராக நிறுத்தினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இடது பக்கத்துக்குத் திரும்பியிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமாண்ணே."

"முன்னால ஆளு நின்னிருந்தா? குழந்த நின்னிருந்தா?" சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "இனிமே இப்படிச் செய்யாத."

 கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் இறங்கியபோது போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதான். நான் செய்தது தப்பா சரியா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகத் தெரியாது.  இரவு வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், நாற்பது அடியா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அண்ணன் வருவாரா என்றே சந்தேகமாக இருந்தது. வந்தார். ஏறுவதற்கு முன், சீட்டைப் பின்னால் தள்ளு என்றார். தொழிற்சாலை வாசலிலிருந்து ஏற்றும் இடம் வரைக்கும் அவர் ஓட்டினார். அந்த வாரம் அவ்வளவுதான். அடுத்த வாரம் மேருவின் உள்சாலைகளில் ஓட்டினார். மோட்டார் சைக்கிள் விழுந்த அந்த முனை வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு, இடம் மாறிக்கொள்வார். நான் ஓட்டித் திருப்புவேன்.  ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தாமலே திருப்பினார். திருப்பிய பிறகு ரொம்ப தூரத்துக்கு அவர் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு அடுத்த மாதம் தன் வாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நான் பழையபடி வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். முன்பு ஒரு வாரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஒன்பது வாரம் இடைவிடாமல் ஓடிய பிறகு அது முடியவில்லை. ஷா ஆலமில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் ஒரு டன் லோரிக்கு வாரம் விட்டு வாரம் ஆள் தேடுகிறார் என்று மேரு கிராணிப் பெண் சொன்னாள். வீட்டில் சொன்னேன்.

"ஒரு வாரமாச்சும் வீட்டுல இரேன் லா," என்றார் என் வீட்டுக்காரர். "உன் சத்தமே இல்லாத வீடா போச்சு."

எனக்கு அது உறைத்தது. இரண்டு முறை அண்ணனின் வாரத்தில் வீட்டில் இருந்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், கண் மருத்துவரிடம் போனேன். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மூன்றாவது முறை அவரே, போய் அந்த ரொட்டி லோரியைப் பிடி, என் தலையைச் சுற்றாதே என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் தானும் வருவேன் என்று கிளம்பினார். விடியற்காலையில் ஏறி, ரொட்டி வாசனையில் இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு கடையாக நான் இறங்கி ஏறினேன். பதினைந்து கடை முடிவதற்குள் அவருக்கு அலுத்துவிட்டது. இந்த இஞ்சின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, தையல் மிஷின் மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் வரவில்லை. இப்போது அந்த வாரங்களில் அண்ணன் மேருவில் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரருக்குப் போன் போடுகிறார். இருவரும் அரை மணி நேரம் பேசுகிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், சும்மாதான் என்கிறார். நான் அதற்கு மேல் கேட்பதில்லை. டம்ளரைக் கழுவி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை கடை என்று பார்க்கப் போகிறேன்.